நூற்றிருபதாவது நொடி

அமுக்கிவிட்டேன். நான் அமுக்க நினைக்கவே இல்லை, கட்டைவிரல்தான் பத்தொன்பது வருஷப் பழக்கத்தில் ஸ்டாப்வாட்சின் பொத்தானைத் தானாக அமுக்கிவிட்டது. இதோ ஓட ஆரம்பித்துவிட்டது, இரண்டு, மூன்று, நான்கு. பெஞ்சின் மேல் சண்முகக்கனி குப்புறக் கிடக்கிறாள். இடுப்புக்குக் கீழே உள்ளதெல்லாம் பெஞ்சில். கணுக்கால், கெண்டைக்கால், தொடை என்று மூன்று இடத்தில் வார் போட்டு இறுக்கியிருக்கிறேன். இடுப்புக்கு மேலே உள்ள உடம்பு முழுக்க பெஞ்சின் விளிம்பைத் தாண்டி வெறும் காற்றில் நிற்கிறது. கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, தரைக்கு நேர்மட்டமாக, எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறாள் என்று பார்ப்பதுதான் சோதனை. முதுகுத் தசைகளின் தாங்குதிறன் என்று நான் கட்டுரைகளில் எழுதுவேன். இந்த உப்பளத்துப் பெண்கள் வைத்திருக்கும் பெயர் தொங்கல். அதிகபட்சம் இருநூற்று நாற்பது நொடி, அதற்கு மேல் யாரையும் தொங்கவிடக்கூடாது. அதற்கு முன்னால் உடம்பு சரிந்தால் ஒருமுறை 'மேலே' என்று சொல்லலாம், இரண்டாம் முறை சரிந்தால் வாட்சை நிறுத்தி எண்ணை எழுதிவிட வேண்டும். தொடக்கூடாது. தொட்டால் சோதனை செல்லாது. ஒன்பது, பத்து. இப்போதே நிறுத்திவிடலாம். வார் சரியாக மாட்டவில்லை, இறங்குங்கம்மா என்று ஒரு பொய் சொல்லிவிடலாம். வாய் வரவில்லை. என் இடது கையில் அவள் கொடுத்த அட்டை இருக்கிறது. அந்த அட்டைக்கு லேமினேஷன் போட்டிருக்கிறது.

யாராவது இதற்கெல்லாம் லேமினேஷன் போடுவார்களா? ரேஷன் கார்டுக்குப் போடுவார்கள், ஆதாருக்குப் போடுவார்கள், பிள்ளையின் மார்க் ஷீட்டுக்குப் போடுவார்கள். இது போன வருஷம் எங்கள் ஆராய்ச்சிக் குழு கொடுத்த அட்டை. பெயர், வயது, எத்தனை நொடி நின்றார் என்பது, அவ்வளவுதான். நீலக் கோடு போட்டு நானே வடிவமைத்தேன். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்கும் எண் தெரியட்டும் என்று அந்தக் கட்டத்தைப் பெரிதாகப் போடச் சொன்னேன். ஆராய்ச்சியில் கலந்துகொள்பவர்களுக்கு அவர்களுடைய முடிவை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும் என்று நெறிமுறைக் குழு சொன்னபோது மற்ற டாக்டர்கள் எல்லாம் முனகினார்கள், எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மாநாடு மாநாடாக அந்த அட்டையைத் திரையில் போட்டுக் காட்டினேன். இவளுடைய அட்டையில், பெரிய கட்டத்துக்குள் நூற்று இருபத்தொன்று. இப்போது வாரை இறுக்கிக்கொண்டே சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன், "எதுக்கும்மா இதைப் போய் லேமினேஷன் போட்டீங்க?" என்று. குப்புறக் கிடந்த அவள், முகத்தை மட்டும் திருப்பி, "நனைஞ்சிரக் கூடாதுல்லா டாக்டரம்மா? சீசனுக்குப் பேரு குடுக்கையில கணக்கப்புள்ள அதைத்தான கேப்பாவ. நூத்தியிருவதுக்குக் கீழ இருந்தா பேரு எழுத மாட்டாவ. நீங்கதான் அப்படிச் சொல்லியிருக்கியன்னு சொன்னாவளே" என்றாள். சொல்லிவிட்டு ஊன்றியிருந்த ஸ்டூலில் இருந்து கையை எடுத்து மார்பில் கட்டிக்கொண்டாள். கையை எடுத்தால் அமுக்க வேண்டும். கட்டைவிரல் அமுக்கிவிட்டது.

நான் எங்கே சொன்னேன். சொன்னேன். சொல்லித்தான் இருக்கிறேன். மூன்றாம் வருஷம் ஒரு துண்டுப் பிரசுரம் அடித்தோம், காலையில் உப்புப் பாத்தியில் இறங்குவதற்கு முன் செய்ய வேண்டிய எட்டு நிமிஷ உடற்பயிற்சி, படம் போட்டு. கடைசி வரி நான் எழுதியது. நூற்றிருபது நொடிக்கு மேல் நின்றால் உங்கள் முதுகு நல்ல பலமாக இருக்கிறது என்று பொருள். உற்சாகப்படுத்துவதற்காக எழுதினேன். ஏன் நூற்றிருபது? நூற்றுப் பதினைந்து என்று எழுதினால் பார்க்க நன்றாக இல்லை, அதனால். "முப்பது!" என்று கத்துகிறேன். முப்பது நொடிக்கு ஒருமுறை உரக்கச் சொல்ல வேண்டும், அதுவும் விதி. வெளியே வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கணக்கப்பிள்ளை ஞானதுரை "சரிதான், முப்பது" என்கிறார். அவர் கையில் செல்போன், அதிலும் நொடி ஓடுகிறது. எனக்கு ஒத்தாசையாம். காலையில் நான் வேனில் இருந்து இறங்கியதும் ஓடி வந்து இளநீர் கொடுத்தார். "உங்க கார்டு வந்த பெறவு எனக்கு லேசாப் போச்சும்மா. முன்னாலெல்லாம் மூஞ்சியப் பாத்து ஆள் எடுப்போம், அவளை எடுத்தே, எம் மவளை எடுக்கலன்னு சண்டை வரும். இப்ப ஒரு பேச்சு கிடையாது. கார்டு சொல்லுது, நான் எழுதுதேன்." நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இளநீரைக் குடித்தேன். நன்றி என்றுகூடச் சொன்னேன். மனிதர் கெட்டவர் இல்லை, நியாயமாக நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர், அவருக்கு ஒரு தராசு வேண்டியிருந்தது, நான் செய்து கொடுத்திருக்கிறேன். பதினொன்றரை ஆகிறது. பன்னிரண்டு மணிக்கு இந்த சீசனின் பெயர்ப் பட்டியலை மூடுகிறார். அவர் நோட்டில் சண்முகக்கனிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார், எண் வந்ததும் எழுத. எண் என் வாயில் இருந்து வர வேண்டும். நான் சும்மா நூற்றிருபது என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது, செல்போனில் ஓடுகிறதே.

அங்கிருந்து அவருக்கு இவளுடைய முகம் தெரியாது. அது ஒன்றுதான் நல்லது. சாக்குத் தைக்கும் தகரக் கொட்டகை இது. பெஞ்சின் தலைமாடு சுவர்ப் பக்கம். நடுவில் உப்புச் சாக்குகளை இணைத்துத் தைத்த ஒரு திரை. வாசலில் இருந்து பார்த்தால் வார் போட்ட கால்கள் மட்டும்தான் தெரியும். சேலை விலகும், மேலே ஆம்பிளைச் சட்டை போட்டிருந்தாலும் கூச்சமாக இருக்கிறது என்று பெண்கள் சொல்கிறார்கள் என்று மரியபுஷ்பம் சொல்லி, அவளே தைத்துக் கட்டிய திரை. மரியபுஷ்பம் எங்கள் களப்பணியாளர். ஏழு வருஷமாக இந்தச் சோதனைகளை எல்லாம் செய்தவள் அவள்தான். நான் பல்கலைக்கழகத்தில் நோயாளிகளை அளந்துகொண்டு, இங்கிருந்து வரும் எண்களைக் கூட்டிக் கழிப்பவள். மகளுக்குப் பிரசவம் என்று இந்த வாரம் நாகர்கோவில் போய்விட்டாள், மிச்சம் இருப்பது பன்னிரண்டு பேர், நானே போய் முடித்துவிடுகிறேன் என்று கிளம்பினேன். போனில் அவ்வளவு கெஞ்சினாள். "நீங்க எதுக்கும்மா வெயில்ல? பத்து நாள் பொறுங்க, நான் வந்து பாத்துக்கிடுதேன்." பட்டியலை இன்றைக்கு மூடுகிறார்கள் என்று கணக்கப்பிள்ளை சொல்லியிருந்தார், பட்டியல் மூடினால் ஆட்கள் வேறு அளத்துக்குப் போய்விடுவார்கள், பொறுக்க முடியாது என்றேன். நல்ல பெண், ஆனால் எப்போது பார்த்தாலும் மணிக்கட்டு வலி, இடுப்பு வலி என்பாள். மூன்று வருஷமாகச் சொல்கிறாள். செல்போனை நோண்டுவதைக் குறை புஷ்பம், எல்லாம் சரியாகிவிடும் என்று நான் மூன்று வருஷமாகச் சொல்கிறேன். நாற்பத்து நான்கு, நாற்பத்தைந்து. சண்முகக்கனியின் முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டு இரண்டு பக்கத் தண்டுவடத் தசையும் கயிறாகத் தெரிகிறது. மூக்கில் இருந்து ஒரு சொட்டு வியர்வை தரையில் விழுந்தது. இன்னொரு சொட்டு. நல்ல பலம், நாற்பத்தாறு வயசுக்கு நல்ல பலம், நின்றுவிடுவாள், நின்றுவிட்டால் பிரச்சினையே இல்லை. நில்லு தாயே.

பயப்படாதீர்கள். என் வாழ்க்கையையே இந்த ஒரு வார்த்தையில் சுருக்கிவிடலாம். முதுகு வலியா, பயப்படாதீர்கள், படுக்காதீர்கள், எழுந்து நடங்கள், வலி வேறு சேதம் வேறு, பயம்தான் வலியை வளர்க்கிறது. மேடை மேடையாகச் சொன்னேன், அது பொய்யும் இல்லை. அப்பாவுக்கு முப்பத்தொன்பது வயசில் இடுப்புப் பிடித்தது. பஸ் டிரைவர். டாக்டர் மரப்பலகையில் அசையாமல் படுக்கச் சொன்னார். ஒரு மாதம் என்றது ஐந்து மாதமானது. அம்மா தலையணைக்குப் பக்கத்தில் நின்று அசையாதீங்க, அசையாதீங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பலகையில் இருந்து எழுந்தபோது அப்பா பயந்தாங்கொள்ளி ஆகியிருந்தார், குனிந்து செருப்பு மாட்டப் பயம், பஸ் ஸ்டியரிங்கைப் பிடிக்கப் பயம், டிப்போவில் லேசான வேலை கேட்டு வாங்கி அங்கேயே ஒடுங்கிப்போனார். அந்தப் பலகை மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில்தான் இந்தப் படிப்பையே எடுத்தேன். பயத்தை அளக்கப் பதினாறு கேள்வி வைத்திருக்கிறோம். குனியப் பயமா, எடை தூக்கப் பயமா, வேலை செய்தால் வலி கூடும் என்று பயமா. இன்று காலையில் சண்முகக்கனியிடம் பதினாறையும் கேட்டேன். இல்லை, இல்லை, இல்லை, இல்லை. பதினாறுக்கும் இல்லை. வலி எத்தனை, பத்துக்கு எத்தனை? "ஒண்ணுமே கெடையாது டாக்டரம்மா, பூஜ்யம் போடுங்க." எவ்வளவு நம்பிக்கையுள்ள பெண் என்று சந்தோஷப்பட்டு எழுதினேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டாமா? பதினாறு கேள்வியில் ஒன்றாவது யாருக்குப் பயப்படுகிறாய் என்று கேட்கிறதா? வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்கா, எனக்கா, இந்த அட்டைக்கா என்று கேட்கிறதா? பயத்தைப் பற்றி நாற்பது கட்டுரை எழுதியிருக்கிறேன். "அறுபது!" "அறுபது, சரிதான்" என்கிறார் ஞானதுரை, டீ உறிஞ்சும் சத்தம்.

அறுபதுதானா? இவ்வளவும் நினைத்து முடித்தும் அறுபதுதான் ஆகியிருக்கிறது. எனக்கே தோள்பட்டை இறுகுகிறது. இல்லை, இது இப்போது தெரிந்த விஷயம் என்று சொல்லிக்கொள்ளாதே தேவகிருபை, யாரை ஏமாற்றுகிறாய். போன வருஷமே அந்த வரைபடத்தில் பார்த்தாய். ஆயிரத்து நூறு பேரின் நொடிகளைக் கம்ப்யூட்டரில் வரைந்தால் ஒரு குன்று போல ஏறி இறங்க வேண்டும், மனித உடம்பு அப்படித்தான் வரும். இது அப்படி வரவில்லை. நூற்றுப் பத்தொன்பது வரை தரையோடு தரையாகக் கிடந்துவிட்டு, நூற்று இருபத்தொன்று, நூற்று இருபத்திரண்டில் திடீரென்று ஒரு சுவர் எழுந்து நின்றது. எந்த முதுகாவது நூற்றிருபது என்று எண்ணிப் பார்த்து நிற்குமா? அரை மணி நேரம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காபி ஆறிவிட்டது. பிறகு ஐந்து நொடிக்கு ஒரு தூண் என்று இருந்ததை நாற்பது நொடிக்கு ஒரு தூண் என்று மாற்றினேன். சுவர் காணாமல் போய்விட்டது. அழகான குன்று. தப்பு ஒன்றும் இல்லை, அப்படியும் வரையலாம், எத்தனையோ பேர் வரைகிறார்கள். அந்தப் படத்தை வைத்துத்தான் சென்னையில் பேசினேன். எட்டு நிமிஷப் பயிற்சியால் தாங்குதிறன் கூடியது, வலி பாதியாகக் குறைந்தது. கை தட்டினார்கள். அடுத்த மாதம் கடைசி அறிக்கை கொடுக்க வேண்டும், இந்தப் பன்னிரண்டு பேரையும் சேர்த்து. கொடுத்தால் கடற்கரை நெடுக எல்லா அளத்துக்கும் பயிற்சி போகும், பயிற்சியோடு அட்டையும் போகும், நீலக் கோடு போட்ட, பெரிய கட்டம் வைத்த என் அட்டை. வலி எங்கே குறைந்தது? வலிக்கிறது என்று சொன்னால் பெயர் போய்விடும் என்று எல்லோரும் பூஜ்யம் சொன்னார்கள். நான் கூட்டினேன், வகுத்தேன், பாதி என்றேன்.

"எவ்வளவு... ஆச்சு?" சண்முகக்கனி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கிறாள். எழுபத்தெட்டு என்கிறேன். "ம்" என்கிறாள். கழுத்து நடுங்க ஆரம்பித்துவிட்டது. இடது காலைப் பார்க்கிறேன். பார்க்கக்கூடாது என்று இவ்வளவு நேரம் பார்க்காமல் இருந்தேன். பெஞ்சில் ஏறும்போது அவள் வலது காலைத் தானாகத் தூக்கிப் போட்டாள். இடது காலை இரண்டு கையாலும் முழங்காலுக்கு அடியில் பிடித்துத் தூக்கி வைத்தாள், ஒரு சாமானை எடுத்து வைக்கிற மாதிரி. சட்டென்று செய்தாள், பழகிய கை. நான் பார்த்தேன். ஒரு நர்சிங் மாணவி பார்த்திருந்தால்கூடக் கேட்டிருப்பாள், என்னம்மா காலில் பலம் இல்லையா, மரத்துப்போகிறதா, எத்தனை நாளாக என்று. காலில் பலக்குறைவு இருந்தால் இந்தச் சோதனையே செய்யக்கூடாது, முதலில் ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். என் வாழ்நாளில் நூற்றுக்கு ஒருவருக்கோ இருவருக்கோ மட்டும் பயப்படுங்கள் என்று நான் சொல்ல வேண்டிய இடம் இதுதான். நான் கையில் இருந்த படிவத்தைப் பார்த்தேன். கால் மரத்தல்: இல்லை. கால் பலக்குறைவு: இல்லை. படிவத்தை நம்பி வார் போட்டு இறுக்கினேன். கண்ணை நம்பவில்லை, இப்படி ஒரு டாக்டர். இப்போது வாருக்குக் கீழே வலது பாதத்தின் விரல்கள் எல்லாம் பெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கின்றன, இடது பாதம் சும்மா கிடக்கிறது. நிறுத்து. நிறுத்தினால் எண்பது. எண்பது என்று ஞானதுரை எழுத மாட்டார், விட்டு வைத்த இடத்தில் கோடு போட்டு அடித்துவிடுவார். சீசன் எட்டு மாதம். எட்டு மாதத்துக்கு இவள் வேறு எங்கே போவாள்? இந்தக் காலோடு எங்கே போவாள்? நிறுத்தாவிட்டால்? முதுகெலும்பில் ஒரு வட்டு, பிதுங்கிக்கொண்டிருக்கிற ஒரு வட்டு, அதன் மேல் இன்னும் நாற்பது நொடி. இரண்டுமே என் கட்டைவிரலில் இருக்கிறது. எண்பத்து மூன்று. சரிகிறாள். "மேலே!" என் குரல்தான், அதட்டுகிறது. ஏறுகிறாள், ஏறிவிட்டாள், தொண்டையில் இருந்து ஒரு சத்தம் வருகிறது. அதட்டுகிறேனே, என்ன மனுஷி நான்.

"தொண்ணூறு!" "தொண்ணூறு" என்கிறார் வெளியே. "சம்முவக்கனி, விட்டுராத, இன்னும் முப்பதுதான்!" அவர் நிஜமாகவே உற்சாகப்படுத்துகிறார். வரிசையில் நிற்கும் பெண்களில் யாரோ, "மூச்சை அடக்காத யக்கா, விட்டு விட்டு இழு" என்கிறாள். இதற்காகவே வீட்டில் கட்டிலில் படுத்துப் பழகுவார்களாக இருக்கும், பிள்ளைகளைக் கால் மேல் உட்கார வைத்துக்கொண்டு பழகுவார்களாக இருக்கும். தொண்ணூற்று இரண்டு, மூன்று. இறங்கச் சொல், உன்னைக் கும்பிடுகிறேன், இறங்கச் சொல், வெளியே போய் ஞானதுரையிடம் இந்த அட்டைக்கு இதற்கெல்லாம் அதிகாரம் இல்லை என்று சொல். சொல்லலாம், சொல்லத்தான் போகிறேன், சொன்னால் என்ன ஆகும், இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குள் அவர் பழையபடி மூஞ்சியைப் பார்த்து எடுப்பார், பெஞ்சில் மூஞ்சி வேர்த்துக் கிடக்கிற இவளை எடுப்பாரா? தொண்ணூற்று ஐந்து. ஆறு. அவளுடைய முழங்கைகள் கீழே இறங்குகின்றன. தொண்ணூற்று ஏழு. சரிந்துவிட்டாள். இரண்டாம் முறை. அமுக்க வேண்டும்.

அமுக்கவில்லை. அட்டையை வாயில் கவ்விக்கொண்டு, குனிந்து, இடது கையை அவளுடைய நெஞ்செலும்புக்கு அடியில் கொடுத்துவிட்டேன். தொட்டாகிவிட்டது, சோதனை செல்லாது, பத்தொன்பது வருஷத்தில் ஒருமுறை தொட்டதில்லை. ஈரச் சட்டைக்குள் இதயம் என் உள்ளங்கையில் வந்து இடிக்கிறது. என்ன கனம். அரை உடம்பு என்று படத்தில் பார்த்திருக்கிறேன், அரை உடம்பு இவ்வளவு கனம் என்று தெரியாது. அவள் திடுக்கிடவில்லை. ஒரு கணம் தயங்கிவிட்டு, மெல்ல, பார்த்துப் பார்த்து, தன் எடையை என் கை மேல் இறக்கினாள். லேமினேஷன் உதட்டில் உப்புக் கரிக்கிறது. வலது கையில் வாட்ச், அதை விடவும் முடியாது, ஒற்றைக் கைதான். நூற்று மூன்று. முழங்கையை என் தொடையில் முட்டுக் கொடுக்கப் பார்க்கிறேன், எட்டவில்லை. குனிந்த நிலையில், கையை உடம்பில் இருந்து தள்ளி நீட்டி, எடை தாங்குவது. இப்படித் தூக்காதீர்கள் என்று சிவப்புப் பெருக்கல் குறி போட்டுப் பிரசுரத்தில் படமே போட்டிருக்கிறேன். நூற்று ஒன்பது. திரை அசைகிறது. காற்றா? ஞானதுரை எழுந்து வருகிறாரா? செருப்புச் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. வந்து திரையை விலக்கினால், குனிந்துகொண்டு வாயில் அட்டையோடு நான். தேசிய அளவில் பரிசு வாங்கிய நான். வரட்டும். வேண்டாம், வரவேண்டாம். நூற்றுப் பதினான்கு. இடுப்பில், இடது பக்கம், கீழே, ஏதோ ஒன்று சுருக்கென்று பிடிக்கிறது. எனக்கு இதுவரை முதுகு வலி வந்ததே இல்லை, அதை யாரிடமும் சொன்னதில்லை, சமையல் தெரியாமல் ஹோட்டல் நடத்துகிற மாதிரி வெட்கமாக இருக்கும். இதுதானா அது? ஊசி இல்லை, குத்தல் இல்லை, யாரோ உள்ளே கையை விட்டு முறுக்குகிறார்கள். பயம், ஆமாம், பயமாகத்தான் இருக்கிறது, அப்பா. நூற்றுப் பதினெட்டு. விடாதே. நூற்றுப் பத்தொன்பது.

"நூற்றிருபது!" வாயைத் திறந்ததும் அட்டை தரையில் விழுந்தது. வெளியே யாரோ கை தட்டினார்கள். "ஆங், தப்பிச்சிட்டா" என்று ஞானதுரை சிரித்தார். இன்னும் இரண்டு நொடி விட்டு அமுக்கினேன். ஸ்டூலை இழுத்துக் கொடுத்தேன், அவள் கை ஊன்றிக்கொண்டாள். இருவருக்கும் மூச்சு வாங்கியது. வாரைக் கழற்றினேன். இடது காலின் பெருவிரலைப் பிடித்து, மேலே தூக்குங்கள் என்று மெதுவாகச் சொன்னேன். தூக்கினாள், விரல் வரவில்லை. "எத்தனை நாளா?" என்றேன். அவள் திரையைப் பார்த்தாள். பிறகு என் முகத்துக்கு நேராக மூன்று விரலைக் காட்டினாள். மூன்று மாதம். நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்கு வர வேண்டும், நானே சீட்டு எழுதித் தருகிறேன், நானே கூட நிற்கிறேன், ஸ்கேன் எடுக்காமல் பாத்தியில் இறங்கவே கூடாது என்று காதோடு சொன்னேன். "பேரு?" என்றாள். "பேரு இருக்கும்" என்றேன். எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஞானதுரையிடம் எதைச் சொல்லி, எதைச் சொல்லாமல் அந்தப் பெயரைக் காப்பாற்றப்போகிறேன் என்று ஒன்றும் தெரியாது. ஆனால் சொல்லிவிட்டேன்.

"எவ்வளவும்மா கணக்கு?" என்று ஞானதுரை குரல் கொடுத்தார். "நூற்று இருபத்திரண்டு" என்றேன். புது அட்டையை எடுத்து, பெரிய கட்டத்தில், பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்தச் சுவருக்கு நானும் ஒரு செங்கல் வைத்தாயிற்று. பிறகு படிவத்தை எடுத்தேன். படிவம் கணக்கப்பிள்ளைக்குப் போகாது, பல்கலைக்கழகத்துக்குப் போகும், அறிக்கைக்குப் போகும். நொடி என்ற இடத்தில் தொண்ணூற்று ஏழு. கால் பலக்குறைவு, ஆம். வலி, பூஜ்யம் என்று நானே எழுதியிருந்ததை அடித்தேன். கடைசியில் குறிப்பு என்று ஒரு காலி இடம் இருக்கும், ஏழு வருஷத்தில் யாரும் அதில் எழுதியதில்லை. அதில், தொண்ணூற்று ஏழுக்கு மேல் தாங்கியது நான் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டேன். இந்த ஒரு வரியைப் படிக்கிறவர் முட்டாளாக இல்லாவிட்டால் மற்ற ஆயிரத்து நூறு பேரையும் பற்றிக் கேட்பார். கேட்கட்டும். நாற்பது நொடித் தூணை உடைத்து அந்தச் சுவரையும் நானே வரைந்து கொடுக்கிறேன். பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தேன். நிமிர முடியவில்லை. பாதியில் நின்றுவிட்டது உடம்பு. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"இடுப்பு பிடிச்சிட்டா?" சண்முகக்கனி பெஞ்சில் உட்கார்ந்தபடி கேட்டாள். "இல்லையே, ஒன்றுமில்லை" என்றேன், வாசல் பக்கம் கேட்டுவிடாமல். அவள் சிரித்தாள். கையை நீட்டி என் இடுப்பில், சரியாக அந்த இடத்தில், கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். "ஒத்தக் கையால தாங்குனா பிடிக்கத்தான டாக்டரம்மா செய்யும்? புஷ்பக்கா ரெண்டு கையையும் குடுப்பாவ. எல்லாருக்கும் குடுப்பாவ. இன்னைக்கு அவிய வரலன்னதும் செத்தேன்னுதான் நெனைச்சேன்." அவள் இடது காலைக் கையால் தூக்கித் தரையில் வைத்து, கீழே கிடந்த பழைய அட்டையையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, திரையை விலக்காமல் ஓரமாக நகர்ந்து போனாள். நான் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. புஷ்பம் கட்டியது. காலையில் பெட்டியில் இருந்து எடுத்தபோது, கையில் பிடிக்கிற பொருளுக்குக் கயிறு எதற்கு என்று நினைத்தேன். "அடுத்தாளு போலாமா?" என்று ஞானதுரை கேட்டார். போகலாம் என்றேன். ஒரு பெண் திரைக்குள் வந்து, லேமினேஷன் போட்ட அட்டையை என்னிடம் நீட்டினாள், வாங்கிப் படிவத்தின் மேல் வைத்தேன். இன்னும் பத்துப் பேர் வெளியே நிற்கிறார்கள். நான் கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். இரண்டு கையும் காலியாக இருந்தன.